திட்டக் கோப்பில் எல்லாவற்றுக்கும் டிக், வேலை மட்டும் பாதியில்

கேள்வி: நாங்கள் மூன்று பேர் கொண்ட சின்னக் குழு. எங்கள் மென்பொருளில் பெரிய அறிக்கைகளைத் தயாரிக்கும் பகுதியை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். இதுவரை பயனர் பொத்தானை அழுத்தினால் அறிக்கை தயாராகும்வரை பக்கம் அப்படியே காத்திருக்கும். இனி வேலையை வரிசையில் போட்டுப் பின்னணியில் முடிக்க வேண்டும். தொடக்கத்தில் நிரல் எழுதும் ஏஐ ஏஜென்டுடன் உட்கார்ந்து 60 படிகளில் விரிவான திட்டம் எழுதி, நிரல் கோப்புகள் இருக்கும் ரெப்போவிலேயே வைத்தோம். முதல் 20 படிகள் அருமையாகப் போயின. பிறகு வரிசைக்கு ரெடிஸ் என்ற தனிச் சேவை வேண்டாம், ஏற்கெனவே இருக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸே போதும் என்று முடிவெடுத்தோம். அதைத் திட்டத்தின் கடைசியில் குறித்தும் வைத்தோம். இருந்தும் அடுத்த வாரம் புதிய செஷனில் ஏஜென்ட் ரெடிஸ் கிளையன்டைத் திரும்பக் கொண்டுவந்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரு இடைமுகத்தையும் எழுதி வைத்தது. டெஸ்ட்கள் எல்லாம் பச்சை. சரி, திட்டத்தை நீயே புதுப்பித்துக்கொள் என்று விட்டுப் பார்த்தோம். 41 படிகளுக்கு டிக் போட்டுவிட்டது. அவற்றில் பல பாதிதான் முடிந்திருக்கின்றன. நாங்களே திருத்தினால் அதற்கே நேரம் போய்விடுகிறது. குழுவில் ஒருவர் திட்டமே வேண்டாம், அப்போதைக்கப்போது சொல்லிச் செய்யவைத்துக்கொள்ளலாம் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: திட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதில் முக்கால்வாசியை அழித்துவிடுங்கள். புதுப்பிக்கும் வேலை உங்களுக்குப் பாரமாகத் தெரிவதில் ஆச்சரியமே இல்லை. அந்தக் கோப்பில் இருப்பதில் பெரும்பகுதி, முதலிலேயே அங்கே இருந்திருக்க வேண்டாத விஷயம். இல்லாத ஒன்றைப் புதுப்பிக்க வேண்டியதில்லை அல்லவா?

எதை அழிப்பது என்பதற்கு முன்னால், ரெடிஸ் ஏன் திரும்பி வந்தது என்று பார்த்துவிடலாம். ஏஜென்ட் உங்கள் குறிப்பைப் படிக்கவில்லை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு இடைமுகம் எழுதியிருக்கிறதே, அதுவே சாட்சி. நடுவில் ஒரு படி ரெடிஸில் போடு என்கிறது. கடைசியில் ஒரு குறிப்பு போஸ்ட்கிரெஸ் போதும் என்கிறது. இரண்டும் ஒரே கோப்பில், ஒரே தொனியில், தேதியில்லாமல் நிற்கின்றன. எது பழையது, எது புதியது, எது எதை ரத்து செய்கிறது என்று சொல்லும் எதுவும் அங்கே இல்லை. ஆகவே அது இரண்டு பேர் சொன்னதையும் கேட்டு, இருவருக்கும் கோபம் வராதபடி ஒன்றைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. டெஸ்ட்கள் பச்சையாக இருந்ததிலும் அதிசயம் கிடையாது. அதே புரிதலில் அதே ஏஜென்ட் எழுதிய டெஸ்ட்கள்தானே அவை.

இதே திட்டத்தை உங்கள் குழுவில் ஒருவர் படித்திருந்தால் அந்தப் படியைப் பார்த்ததும் நின்றிருப்பார். 'ரெடிஸா? அதைத்தான் விட்டுவிட்டோமே' என்று நினைவு வந்திருக்கும். நினைவு வராவிட்டாலும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டிருப்பார். மனிதர்களின் ஆவணங்கள் காலம் காலமாகப் பழசாகிக்கொண்டுதான் இருக்கின்றன. அதனால் பெரிய சேதம் வராததற்குக் காரணம், உண்மையான திட்டம் ஆட்களின் தலைக்குள் இருந்ததுதான். டென்மார்க்கைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் பீட்டர் நௌர் 1985இல் இதை வெகு அழுத்தமாகச் சொன்னார்: ஒரு நிரலின் உயிர் அதை உருவாக்கியவர்களின் புரிதலில் இருக்கிறது, அந்தப் புரிதலை வைத்திருக்கும் குழு கலைந்துவிட்டால், கோப்புகள் பத்திரமாக இருந்தாலும் நிரல் இறந்துவிடுகிறது. ஏஜென்டைப் பொறுத்தவரை ஒவ்வொரு செஷன் முடியும்போதும் குழு கலைகிறது. மறுநாள் வருவது வேறொருவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். திறமைசாலி, வேகமானவர், ஆனால் நீங்கள் எழுதி வைத்ததைத் தவிர வேறு எதுவும் தெரியாதவர். தவறான ஆவணத்தைச் சந்தேகப்பட அவருக்குக் காரணமும் இல்லை.

ஒரே செஷனுக்குள்ளும் இந்தச் சிக்கல் உண்டு. உரையாடல் நீண்டு கான்டெக்ஸ்ட் (ஏஜென்ட் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய உரை) நிரம்பும்போது, பல கருவிகள் பழைய பகுதியைச் சுருக்கி வைத்துக்கொண்டு தொடர்கின்றன. காலையில் நீங்கள் வாய்மொழியாகச் சொன்ன 'இதைத் தொடாதே' என்ற ஒரு வரி, அந்தச் சுருக்கத்தில் தப்புமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அரட்டையில் எடுத்த முடிவு கோப்பில் ஏறும்வரை அது முடிவே ஆகாது என்று வைத்துக்கொள்வது நல்லது.

சரி, இப்போது அழிக்கும் வேலை.

முதலில் முடிந்த படிகள் போகட்டும். 'இதுவரை என்ன செய்தோம்' என்பதற்கு நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் வரலாறு இருக்கிறது. அது பொய் சொல்லாது, பழசாகாது. முடிந்த 20 படிகளைத் திட்டத்தில் வைத்திருப்பதால் ஏஜென்டுக்குக் கிடைக்கும் ஒரே விஷயம், மறுபடி குழம்ப ஒரு வாய்ப்பு. நீளமும் ஒரு பிரச்சினைதான். நீண்ட உள்ளீட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பதை, ஏஜென்டுகளை இயக்கும் மொழி மாதிரிகள் நன்றாகப் பயன்படுத்துகின்றன, நடுவில் இருப்பதைக் கோட்டைவிடுகின்றன என்று 2023இலேயே ஆய்வாளர்கள் காட்டினார்கள். மாதிரிகள் அதற்குப் பிறகு எவ்வளவோ முன்னேறியிருக்கின்றன. ஆனாலும், தேவையில்லாததை நடுவில் திணித்து அந்த முன்னேற்றத்தைச் சோதித்துப் பார்க்க நமக்கு என்ன அவசியம்?

அடுத்தது, நிரலே சொல்லக்கூடிய விஷயங்கள். இந்தக் கோப்பில் இந்தச் செயற்கூறு இருக்கிறது, அந்த டேபிளில் இந்த இந்த நெடுவரிசைகள் இருக்கின்றன, இந்த மாட்யூல் அதை அழைக்கிறது என்பது போன்ற வர்ணனைகள். இவற்றை ஏஜென்ட் நொடிகளில் தேடிப் படித்துக்கொள்ளும், அதுவும் இன்றைய நிலையில். நீங்கள் எழுதி வைத்தால் அது எழுதிய நாளின் நிலை. ஏஜென்ட் எழுதும் திட்டங்களுக்கு இது ஒரு தீராத வியாதி என்பதையும் சொல்ல வேண்டும். கேட்டால் போதும், ஒவ்வொரு படிக்கும் கீழே கோப்புப் பெயர், வரி எண், மாதிரி நிரல் துண்டு என்று அடுக்கிவிடும். படிக்க மிக நேர்த்தியாக இருக்கும். அந்த நேர்த்தி, முதல் கமிட் (நிரலின் ஒரு மாற்றத்தை கிட்டில் பதிவது) வரைதான் தாங்கும்.

மூன்றாவதாக, தொலைவில் இருக்கும் படிகள். 45ஆம் படியின் விவரத்தை முதல் வாரத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். அப்போது உங்களுக்கு போஸ்ட்கிரெஸ் முடிவே தெரியாது. ஆகவே அது திட்டம் என்ற பெயரில் இருக்கும் ஊகம். அடுத்த நான்கைந்து படிகளைத் தவிர மற்றவற்றை ஒரு வரி நோக்கமாகச் சுருக்கிவிடுங்கள். அதன் முறை வரும்போது அன்றைய நிரலைப் பார்த்து விவரம் எழுதினால் போதும். எழுதுவதும் ஏஜென்ட்தான்; நேரம் அதிகம் ஆகாது.

மிச்சம் என்ன இருக்கும்? நிரலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதவை மட்டும். ஒரு உதாரணம் பார்ப்போம். உங்கள் திட்டத்தில் இப்படி ஒரு படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 'அறிக்கைச் சேவைக் கோப்பின் 118ஆம் வரியில் உள்ள செயற்கூற்றில் மறுமுயற்சி எண்ணிக்கையை 3 ஆக்கவும்.' நாளைக்கே அந்த வரி எண் மாறும், அடுத்த வாரம் அந்தச் செயற்கூறே இரண்டாகப் பிரியும். இதையே இப்படி எழுதலாம்: 'அறிக்கை தயாரிப்பு தோற்றால் 3 முறை வரை தானாக மறுபடி முயல வேண்டும். மூன்றும் தோற்றால் பயனருக்குத் தெரிய வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் ஒரே அறிக்கை இரண்டு முறை மின்னஞ்சலில் போகக் கூடாது.' நிரலின் வடிவம் எத்தனை முறை மாறினாலும் இது பழசாகாது. அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். அதை நிரலில் எங்கே தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. அது உங்கள் தலையில் மட்டும் இருந்தது.

இனி முடிவுகள் மாறும்போது என்ன செய்வது என்ற கேள்வி. உங்கள் ரெடிஸ் விவகாரத்தின் மையம் இதுதான். மாற்றத்தைக் கடைசியில் ஒட்டாதீர்கள். கீழே கீழே ஒட்டிக்கொண்டு போனால் அது நாட்குறிப்பாகிவிடும். நாட்குறிப்பைப் படிப்பவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்து, எது எதை ரத்து செய்தது என்று கணக்குப் போட்டால்தான் இன்றைய நிலை தெரியும். முடிவு மாறினால், அது தொடும் ஒவ்வொரு படியையும் அந்த இடத்திலேயே மாற்றி எழுத வேண்டும், முதல் நாளிலிருந்தே போஸ்ட்கிரெஸ்தான் என்பது போல. டேவிட் பார்னாஸும் பால் கிளெமென்ட்ஸும் 1986இல் எழுதிய ஒரு கட்டுரையில் கிட்டத்தட்ட இதைத்தான் பரிந்துரைத்தார்கள்: வடிவமைப்பு நிஜத்தில் முன்னும் பின்னுமாகத் தடுமாறித்தான் நடக்கும், ஆனால் ஆவணத்தை எல்லாம் ஒழுங்காக நடந்தது போலவே எழுதுங்கள். மனிதர்களுக்காகச் சொன்னது, ஏஜென்டுகளுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்துகிறது.

ஆனால் ரெடிஸைச் சுவடே இல்லாமல் அழித்துவிடவும் கூடாது. அழித்தால் என்ன ஆகும் தெரியுமா? பின்னணி வேலை, வரிசை என்ற சொற்களைப் பார்த்ததும் 'இதற்கு ரெடிஸ் பொருத்தமாக இருக்கும்' என்று ஏஜென்ட் தானாகவே யோசனை சொல்லும். பொதுவாக அது நல்ல யோசனையும்கூட. ஆகவே கைவிட்ட வழிகளுக்கு என்று ஒரு சின்னப் பகுதி வேண்டும். பார்னாஸும் கிளெமென்ட்ஸும் இதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள்: பரிசீலித்துத் தள்ளிய வழிகளையும் தள்ளியதற்கான காரணத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று. 2011இல் மைக்கேல் நைகார்ட் அறிமுகப்படுத்திய கட்டமைப்பு முடிவுப் பதிவுகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு சிறு கோப்பு, அதில் சூழல், முடிவு, விளைவு, அது நடப்பில் இருக்கிறதா வேறொன்றால் மாற்றப்பட்டதா என்ற நிலை. மூன்று பேர் குழுவுக்கு அத்தனை சடங்கு வேண்டாம். உங்களுக்கு இப்படி ஒரு பத்தி போதும்:

'வரிசைக்கு ரெடிஸ் பயன்படுத்துவதில்லை. காரணம்: தனியாக இன்னொரு சேவையைப் பராமரிக்க ஆள் இல்லை, வேலைகளின் எண்ணிக்கை குறைவு, போஸ்ட்கிரெஸில் ஸ்கிப் லாக்டு வசதி இருப்பதால் பின்னணியில் வேலைகளைச் செய்யும் இரண்டு வொர்க்கர்கள் ஒரே வேலையை எடுக்காமல் பார்த்துக்கொள்ள முடியும். வேலைகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடினால் மட்டும் இதை மறுபரிசீலனை செய்யலாம்.'

வேறொருவர் ஏற்கெனவே பூட்டிய பதிவுகளைத் தாண்டிச் செல்லும் இந்த ஸ்கிப் லாக்டு வசதி போஸ்ட்கிரெஸ் 9.5 பதிப்பில், 2016இல் வந்தது. ஏஜென்டுக்கு அது நன்றாகவே தெரியும், விளக்கத் தேவையில்லை. உங்கள் காரணம்தான் அதற்குத் தெரியாது. காரணத்தை எழுதாமல் 'ரெடிஸ் வேண்டாம்' என்று மட்டும் எழுதினால், அது ரெடிஸை விட்டுவிட்டு அதே மாதிரி இன்னொரு தனிச் சேவையைப் பரிந்துரைக்கும். இன்னொரு சேவையைப் பராமரிக்க ஆள் இல்லை என்று எழுதினால் அந்தக் கதவும் சேர்ந்து மூடிவிடும்.

இப்போது டிக் விஷயம். 41 டிக்குகளைப் பார்த்து ஏமாற்றம் அடைந்திருக்கிறீர்கள், நியாயம்தான். ஆனால் ஏஜென்டிடம் புதுப்பிக்கச் சொன்னதில் தவறில்லை. எதைப் புதுப்பிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று பிரிக்காததுதான் தவறு. இப்போது அது தன் விடைத்தாளைத் தானே திருத்தும் மாணவரைப் போல இருக்கிறது. ஒரு படி முடிந்தது என்பதற்கு வரையறை இல்லாதபோது, 'இது சம்பந்தமாக நிரல் எழுதினேன்' என்பதே முடிந்ததற்கு அர்த்தமாகிவிடுகிறது. இதைவிட நுட்பமான ஆபத்து இன்னொன்று உண்டு. வேலை கடினமாக இருக்கும்போது ஏஜென்ட் படியின் வாசகத்தையே கொஞ்சம் தளர்த்தி எழுதிவிட்டு டிக் போடும். 'ஒரே அறிக்கை இருமுறை போகக் கூடாது' என்பது 'இருமுறை போவது குறைக்கப்பட்டது' என்று மாறியிருக்கும். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. செய்ததையும் எழுதியதையும் ஒத்துப்போக வைக்கும்போது, எளிதான பக்கம் வளைகிறது, அவ்வளவுதான்.

ஆகவே கோப்பை இரண்டாக உடையுங்கள். ஒன்று நோக்கக் கோப்பு: அதில் நோக்கம், மீறக் கூடாத நிபந்தனைகள், கைவிட்ட வழிகள், ஒவ்வொரு கட்டமும் முடிந்தது என்பதற்கான சோதனை. இதை மனிதர்கள் மட்டுமே மாற்றலாம். ஏஜென்ட் மாற்றத்தைப் பரிந்துரைக்கலாம். இன்னொன்று நிலைக் கோப்பு: அதில் அடுத்த படிகள், இப்போது எங்கே நிற்கிறோம், திறந்திருக்கும் கேள்விகள். இது ஏஜென்டின் கையில். ஒரே கோப்பில் இரண்டு பகுதிகளாக வைத்தாலும் நடக்கும்தான், ஆனால் தனிக் கோப்புகளாக இருந்தால் முதல் கோப்பைத் தொடும் கமிட் உடனே கண்ணில் படும். கிட்ஹப்பில் இருக்கிறீர்கள் என்றால், எந்தக் கோப்புக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் கோட்ஓனர்ஸ் கோப்பில் அந்தப் பாதையை உங்கள் பெயரில் போட்டு, உரிமையாளரின் ஒப்புதல் கட்டாயம் என்று பிராஞ்ச் பாதுகாப்பில் அமைத்துவிட்டால், உங்கள் ஒப்புதல் இல்லாமல் அந்த மாற்றம் மெர்ஜ் ஆகாது, அதாவது முதன்மை நிரலோடு சேராது.

முடிந்தது என்பதற்கான சோதனை எப்படி இருக்க வேண்டும்? ஓட்டிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். 'வரிசை சரியாக இயங்குகிறது' என்பது சோதனை ஆகாது. 'நிஜ போஸ்ட்கிரெஸில், போலி ஆப்ஜெக்ட் இல்லாமல், இரண்டு வொர்க்கர்களை ஒரே நேரத்தில் ஓட்டி 200 வேலைகளைப் போட்டால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை முடிய வேண்டும். ஒரு வொர்க்கரை நடுவில் நிறுத்தினால் அது வைத்திருந்த வேலையை மற்றது எடுத்து முடிக்க வேண்டும்' என்பது சோதனை. டிக் போடுவதற்குப் பதிலாக, அந்த டெஸ்டை ஓட்டும் கட்டளையையும் அது வெற்றி பெற்ற கமிட்டின் அடையாளத்தையும் எழுதச் சொல்லுங்கள். டிக் போடுவது எளிது. இல்லாத கமிட்டை எழுதி மாட்டிக்கொள்வது கஷ்டம். நீங்கள் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த 41 டிக்குகளையும் இப்போதே எடுத்துவிட்டு, எதற்கெல்லாம் ஓட்டக்கூடிய சோதனை இருக்கிறதோ அவற்றை மட்டும் முடிந்ததாக ஏற்றுக்கொள்ளுங்கள். பட்டியல் சட்டென்று சுருங்கும், பயப்பட வேண்டாம்.

எப்போது புதுப்பிப்பது என்பதற்கு என் பதில் சுருக்கமானது: நிரல் மாறும் அதே கமிட்டில். 'வார இறுதியில் ஒரேயடியாக' என்று வைத்தால் நடக்காது. நடந்தாலும் அதற்குள் ஐந்தாறு செஷன்கள் பழைய திட்டத்தை நம்பி ஓடியிருக்கும். மேலே சொன்னபடி அழித்துவிட்ட பிறகு, ஒரு கமிட்டுக்கான திருத்தம் பெரும்பாலும் ஓரிரு வரிதான் வரும். ரிவ்யூ செய்பவர் நிரலின் மாற்றத்தையும் திட்டத்தின் மாற்றத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும்.

நடுவில் கண்டுபிடிக்கும் விஷயங்கள்தான் அதிகம் தொலைந்துபோகின்றன. உதாரணமாக, உங்கள் வேலையில் இப்படி ஒன்று நிச்சயம் வரும். ஸ்கிப் லாக்டு பூட்டு, டேட்டாபேஸின் ஒரு தொகுப்பு வேலையான டிரான்சாக்‌ஷன் திறந்திருக்கும்வரைதான் இருக்கும். பெரிய அறிக்கைக்குப் பல நிமிடங்கள் ஆகலாம். அத்தனை நேரமும் டிரான்சாக்‌ஷனைத் திறந்தே வைத்தால், போஸ்ட்கிரெஸால் பழைய பதிவுகளைச் சுத்தம் செய்ய முடியாமல் டேபிள்கள் வீங்கும். எனவே வேலையை எடுத்த உடனேயே 'எடுத்தாயிற்று, இத்தனை மணிக்குள் முடியாவிட்டால் வேறு யாரும் எடுக்கலாம்' என்று எழுதிப் பூட்டை விட்டுவிட வேண்டும். இதை ஒரு செஷனில் ஏஜென்ட் கண்டுபிடித்து நிரலையும் சரியாக எழுதிவிடும். காரணம் எங்கும் பதிவாகாவிட்டால், இரண்டு வாரம் கழித்து இன்னொரு செஷன் 'டேபிளில் இந்தக் காலக்கெடு நெடுவரிசை தேவையில்லாத சிக்கல்' என்று எளிமைப்படுத்திவிடும். எதிர்பாராத ஒன்றைக் கண்டுபிடித்தால், நிரலைத் தொடுவதற்கு முன் திட்டத்தில் இரண்டு வரி எழுத வேண்டும் என்பதை விதியாகவே வையுங்கள்.

இந்த விதிகளை ஒவ்வொரு முறையும் நீங்கள் தட்டச்சு செய்துகொண்டிருக்க வேண்டியதில்லை. உங்கள் ஏஜென்ட் கிளாட் கோட் என்றால் கிளாட்.எம்டி, கோடெக்ஸ் போன்றவை என்றால் ஏஜென்ட்ஸ்.எம்டி என்று, செஷன் தொடங்கும்போதே படிக்கப்படும் கோப்பு ஒன்று இருக்கும். அதில் திட்டத்தைப் போடாதீர்கள். திட்டம் எங்கே இருக்கிறது, அதை எப்படி நடத்த வேண்டும் என்பதை மட்டும் போடுங்கள். நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: 'வேலையைத் தொடங்கும் முன் இரண்டு திட்டக் கோப்புகளையும் முழுதாகப் படி. நோக்கக் கோப்பை மாற்றாதே. மாற்ற வேண்டும் என்று தோன்றினால் காரணத்துடன் கேள். நிரலும் திட்டமும் முரண்பட்டால் இரண்டையும் சமாளிக்க எதையும் கட்டாதே. நிறுத்தி, இரண்டிலும் என்ன இருக்கிறது என்று சொல். கமிட் செய்யும்போது நிலைக் கோப்பையும் சேர்த்து மாற்று. முடிந்த படியை நீக்கிவிடு.' அந்த மூன்றாவது விதி இருந்திருந்தாலே ரெடிஸ் இடைமுகம் வந்திருக்க வாய்ப்பு வெகு குறைவு. ஆனாலும் இவை வேண்டுகோள்கள்தான், பூட்டுகள் அல்ல; நீண்ட செஷனில் ஏஜென்ட் இவற்றையும் மறக்கும். அதனால்தான் ரிவ்யூவும் பிராஞ்ச் பாதுகாப்பும். திட்டத்தில் சொல்லப்படும் கோப்புப் பாதைகள் ரெப்போவில் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று பார்க்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றையும் டெஸ்ட்களோடு சேர்த்து ஓடவிட்டால், அழிந்துபோன கோப்பைத் திட்டம் இன்னும் பேசிக்கொண்டிருப்பது உடனே அகப்படும்.

திட்டம் நடப்பில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நீங்கள் படித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. விடுபட்டதை உங்கள் மூளை தானாக நிரப்பிக்கொள்ளும். புதிய செஷன் ஒன்றைத் திறந்து, எதையும் மாற்றாத திட்டமிடல் நிலையில் வைத்து, 'திட்டத்தைப் படி, அடுத்து என்ன செய்வாய், எந்தக் கோப்புகளைத் தொடுவாய், எதெல்லாம் தெளிவாக இல்லை என்று சொல்' என்று கேளுங்கள். வரும் பதில் உங்கள் மனதில் இருப்பதோடு ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் அரட்டையில் திருத்தாதீர்கள். எல்லோருக்கும் அந்த ஆசை வரும்: 'இல்லை, நாம் போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துகிறோம்' என்று ஒரு வரி தட்டிவிட்டுத் தொடர்வது. அந்தத் திருத்தம் அந்தச் செஷனோடு போய்விடும். கோப்பைத் திருத்திவிட்டு, செஷனை மூடி, மறுபடி புதிதாகக் கேளுங்கள். கொஞ்சம் சலிப்பான வேலைதான். ஆனால் இந்த விஷயத்தில் வேறு எந்தச் சோதனையையும்விட இதைத்தான் நான் நம்புகிறேன்.

ஒரே நேரத்தில் பல ஏஜென்டுகளை வெவ்வேறு வொர்க்ட்ரீயில் (ஒரே ரெப்போவின் தனித்தனி வேலை நகல்களில்) ஓட்டும் பழக்கம் இருந்தால் ஒரு வார்த்தை: எல்லோரும் நிலைக் கோப்பை எழுதினால் மெர்ஜ் மோதலில் முடியும். ஏஜென்டுகள் மோதலையும் தாராள மனதோடு, இரண்டு பக்கத்தையும் வைத்துத் தீர்த்துவிடும். ஒவ்வொன்றும் தன் குறிப்பைத் தனியாக எழுதட்டும். மெர்ஜ் செய்பவர் ஒருவர் மட்டும் அதை நிலைக் கோப்பில் ஏற்றட்டும்.

திட்டமே வேண்டாம் என்ற உங்கள் நண்பருக்கு வருகிறேன். அவர் சொல்வது ஒரு எல்லைவரை சரி. ஒரே செஷனில் தொடங்கி முடியும் வேலைக்கு, ஒரு பிழையைத் திருத்துவதற்கு, ஒரு திரையின் அமைப்பை மாற்றுவதற்கு, திட்டக் கோப்பு வீண். அதை எழுதும் நேரத்தில் வேலையே முடிந்துவிடும். அவருடைய முறை உடையும் இடம், வேலை இரண்டாவது செஷனுக்குத் தாண்டும்போது, அல்லது இரண்டாவது ஆள் கையில் எடுக்கும்போது. அப்போதும் ஒரு திட்டம் இருக்கத்தான் செய்கிறது, அவர் தலையில். அவர் விடுப்பில் போனால் உங்களுக்கும் கிடைக்காது, ஏஜென்டுக்கும் கிடைக்காது. அவரிடம் விவாதம் செய்வதைவிட, நோக்கக் கோப்பை அவரையே எழுதச் சொல்லுங்கள். திட்டத்தை வெறுப்பவர்கள் சுருக்கமாக எழுதுவார்கள். உங்களுக்கு இப்போது அதுதான் தேவை.

நாளைக்கு இதை எப்படித் தொடங்குவது என்றால், 60 படிகளையும் உட்கார்ந்து திருத்த வேண்டாம். பழைய கோப்பை அப்படியே விட்டுவிட்டு, நோக்கம், நிபந்தனைகள், ரெடிஸ் முடிவு ஆகியவற்றை வெற்றுக் கோப்பில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் எதையாவது வெட்டுங்கள். பிறகு புதிய செஷனில் ஏஜென்டிடம் அந்தக் கோப்பையும் இன்றைய நிரலையும் மட்டும் காட்டி, மிச்ச வேலை என்ன என்று கேட்டு நிலைக் கோப்பை எழுதவையுங்கள். அது தரும் பட்டியலைப் பழைய 60 படிகளோடு ஒருமுறை ஒப்பிட்டு, எதுவும் விடுபடவில்லை என்று பார்த்ததும் பழைய கோப்பை ரெப்போவிலிருந்து நீக்கி கமிட் செய்துவிடுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று வேறு ஃபோல்டருக்கு நகர்த்தி வைக்காதீர்கள். ஏஜென்ட் தேடும்போது அங்கேயும் தேடும்; ரெடிஸ் மறுபடி கிடைத்துவிடும்.